ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது யார்?

நமது நாட்டில் ஒருவருக்கு நோய் வந்து, அந்நோய் கத்தி வைத்தாலொழியத் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வீட்டார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியவுடன் முதன்முதலாகப் போய் நிற்கின்ற இடம் எது? இரத்த வங்கியா? இன்சூரன்ஸ் அட்டை பதிகிற ஆபீசா? இல்லவே இல்லை. ஜோசியன் வீட்டுத் திண்ணைதான். பத்து வருஷம் கண் விழித்துப் படித்த டாக்டர், நோயாளியின் இரத்தத்தையும் சிறுநீரையும் இருதயத்தையும் சோதித்து, மயக்க மருந்து கொடுக்கிறவருடைய சம்மதத்தையும் பெற்றுக் குறித்துக் கொடுத்த ஒரு தேதியை, அந்த நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஜோசியன் ஒரு கட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்து, “அன்றைக்குச் சந்திராஷ்டமம், ஆகாது” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகின்றான். தள்ளினதற்குக் கூலியும் வாங்கிக் கொள்ளுகின்றான். தள்ளினதால் நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் அதற்கு அவன் ஜவாப்தாரியல்ல, அது விதி.

இதை நாம் யாரோ எங்கோ சொன்னதை வைத்து எழுதவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் காண்டிராக்டரிடம் கூலிக்கு இருக்கும் நமது தோழர் ஒருவருடைய மனைவிக்குச் சுமார் ஆறு மாதமாகப் பெரும்பாடு. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. சென்னையிலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மையார் பார்த்து, “ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஆனால் உடம்பில் ஹீமோகுளோபின் ஏழு கிராம்தான் இருக்கிறது, பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும், முதலில் இரத்தம் ஊறட்டும்” என்று சொல்லி, இரும்புச் சத்து ஊசியும் மாத்திரையும் கொடுத்து, நான்கு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமையை ஆபரேஷனுக்குக் குறித்தார். அந்தப் பிரிவு டாக்டர்களுக்கு ஆபரேஷன் அறை கிடைப்பது செவ்வாய்க்கிழமைதான். அந்த ஒரு நாளுக்காக வரிசையில் நிற்கிறவர்களோ அநேகர்.

இந்த நான்கு வாரமும் அந்த அம்மாள் உடம்பைத் தேற்றிக் கொள்வதற்காகக் கொடுக்கப்பட்ட தவணையாகும். அதை அந்த வீட்டார் எப்படி உபயோகித்தார்கள்? ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று மாமியார் அம்மனுக்கு வேண்டிக் கொண்டார். அதற்காக மருமகள் செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது இருக்க வேண்டியதாயிற்று. ஈரலும் முட்டையும் கறியும் மீனும் கீரையுமாகத் தின்று இரத்தம் ஊற வேண்டிய உடம்புக்கு, “சாமிக்கு வேண்டியிருக்கிறோம், கவுச்சி ஆகாது” என்று அத்தனையையும் நிறுத்திவிட்டார்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி இந்தத் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்தமில்லாமல் நடமாடுகின்ற நாட்டில், இரத்தம் ஊறச் சொன்ன டாக்டருடைய உத்தரவுக்கு மேலே ஒரு சாமியினுடைய உத்தரவு வந்து உட்கார்ந்துகொண்டு, “பட்டினி கிட” என்கிறதென்றால், அந்தச் சாமிக்கு வைத்தியமும் தெரியாது, இரக்கமும் கிடையாது என்றுதானே கொள்ள வேண்டும்?

அப்படியும் ஊசியின் பலத்தால் இரத்தம் கொஞ்சம் ஏறிற்று. குறித்த செவ்வாய்க்கிழமையும் நெருங்கிற்று. அப்பொழுதுதான் மேற்படி சந்திராஷ்டமம் குறுக்கே வந்து விழுந்தது.

சந்திராஷ்டமம் என்றால் என்ன? சந்திரன் ஒருவருடைய ஜன்ம ராசிக்கு எட்டாவது ராசியில் இருக்கின்ற காலமாம். சந்திரன் பன்னிரண்டு ராசிகளையும் ஏறக்குறைய 27 நாளில் சுற்றுகின்றது. ஆகவே ஒரு ராசியில் இருப்பது இரண்டேகால் நாள். இதற்கு மேல் கணக்குப் போட ஜோசியன் தேவையில்லை, நாமே போடலாம். எந்த நிமிஷத்தை எடுத்துக் கொண்டாலும் பன்னிரண்டு ராசிக்காரர்களில் ஒரு ராசிக்காரருக்குச் சந்திராஷ்டமம் இருந்தே தீர வேண்டும். உலகத்திலுள்ள 800 கோடி ஜனங்களில் இந்த நிமிஷம் 66 கோடிப் பேருக்கு அது நடக்கின்றது. அவர்கள் சமைக்கின்றார்கள், சாப்பிடுகின்றார்கள், பஸ் ஓட்டுகின்றார்கள். அதுவும் போகட்டும். ஆபரேஷன் அறையில் நோயாளி ஒருத்தி மாத்திரமா இருக்கிறாள்? கத்தி பிடிக்கும் டாக்டர் ஒருவர், கூட நிற்பவர் ஒருவர், மயக்கம் கொடுப்பவர் ஒருவர், நர்சுகள் இரண்டு மூன்று பேர் இருக்கின்றார்கள். நோயாளி படுத்திருக்கின்றாள், வேலை செய்வது இவர்களல்லவா? இவர்களுடைய ராசியை எந்த ஜோசியன் பார்த்தான்? கத்தி பிடிக்கிறவருக்குச் சந்திராஷ்டமமாக இருந்தால் பாதகமில்லை, கத்திக்குக் கீழே படுத்திருக்கிறவளுக்கு இருந்தால்தான் பாதகம் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது?

இனி அந்தச் செவ்வாய்க்கிழமையையே எடுத்துக் கொள்ளுவோம். காலை 9 மணி முதல் 10½ வரை எமகண்டம். 12 முதல் 1½ வரை குளிகை. மாலை 3 முதல் 4½ வரை ராகுகாலம். கர்ப்பப்பை ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கக் கூடியது. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் நடுவில் எமகண்டம் வந்துவிடுகின்றது. அப்பொழுது டாக்டர் என்ன செய்ய வேண்டும்? வயிற்றைத் திறந்தபடியே போட்டுவிட்டு, 10½ வரையில் வராண்டாவில் காப்பி குடித்துக் கொண்டிருந்துவிட்டு, பிறகு போய்த் தைக்க வேண்டுமா? கேட்டால் ஜோசியன், “ஆரம்பிக்கிற நேரந்தான் முக்கியம்” என்பான். ஆரம்பம் என்பது எது? ஆஸ்பத்திரியில் சேருவதா, மயக்கம் கொடுப்பதா, கத்தி தோலைத் தொடுவதா? அது ஜோசியனுக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது.

2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி இரவு இதே கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலுள்ள கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மீது மோதி, பெட்டிகள் தடம் புரண்டு பலர் காயமடைந்ததை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஆயுத பூஜை, நவமி. பஞ்சாங்கக்காரர்கள் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிற திதி. காயமடைந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடிய ஒருவராவது திதி கேட்டதுண்டா? 108-க்குப் போன் செய்கிற எவனாவது “நவமி கழிந்த பிறகு வண்டி அனுப்புங்கள்” என்று சொன்னதுண்டா? உயிர் போகிற அவசரத்தில் ஒருவனுக்கும் ஞாபகம் வராத பஞ்சாங்கம், நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தவுடன் ஞாபகத்துக்கு வருகின்றதென்றால், அது அறிவின் நிதானமா, மடமையின் நிதானமா?

(பணக்காரர் வீட்டுக் கதை வேறு. அங்கே பிள்ளை பிறப்பதற்கே நட்சத்திரம் பார்த்து, இன்ன மணிக்கு வயிற்றைக் கீறி எடுங்கள் என்று கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு அப்படியே எடுத்துக் கொடுக்கிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. மேற்படி கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கின்ற குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 கத்தி வைத்து எடுக்கப்பட்டவை. அத்தனையும் ஜாதகத்துக்காக என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 39 வாரம் நிரம்புமுன் காரணமின்றி எடுக்கப்படும் குழந்தை மூச்சுத் திணற நேரிடும் என்பதை அந்த நட்சத்திரம் பார்த்துக் கொடுத்தவன் சொல்லுவதில்லை.)

இது நிற்க. முதல் தேதி தவறியதால் அந்த அம்மாளின் பெயர் வரிசையில் கடைசிக்குப் போய், மூன்று வாரம் கழித்து இன்னொரு செவ்வாய் கிடைத்தது. அதற்குள் இன்னொரு தடவை பெரும்பாடு வந்து, ஊறிய இரத்தத்தில் பாதி போயிற்று.

இரண்டாவது தேதிக்கு முந்தின நாள் அமாவாசை. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோவில் இருக்கின்றது. அந்தப் பெருமாளுக்கு “வைத்திய வீரராகவர்” என்றே பெயர். ஹிருத்தாபநாசினி என்கிற குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் நோய் கரையுமென்றும், உப்பும் மிளகும் காணிக்கை போட்டால் கட்டியும் மருவும் உதிருமென்றும், அமாவாசையன்று இரவு கோவிலில் தங்கினால் தீராத நோய் தீருமென்றும் சொல்லி, ஜனங்கள் சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து குவிகின்றார்கள். மருமகள் சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, மாமியார் திருவள்ளூர்க் கோவிலில் இரவு தங்கினார். விடியற்காலை மின்சார ரயிலேறி, ஆறு மணிக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தோடு ஆஸ்பத்திரியில் வந்து நின்றார். நர்சம்மாள் அந்தண்டை போயிருந்த சமயம் பார்த்து, “ஒரு வாய் போட்டுக்கோ, சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது” என்று ஊட்டியும் விட்டார். எட்டு மணிக்கு மயக்க டாக்டர் வந்து, “கடைசியாக எப்பொழுது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை; அந்த மட்டுக்கும் நாம் சந்தோஷப்பட வேண்டும். ஆபரேஷன் நிறுத்தப்பட்டுவிட்டது.

சாமிக்காக வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடந்த பெண்ணுக்கு, தன் உயிருக்காக ஆறு மணி நேரப் பட்டினி காக்க முடியாமற் போயிற்று. வேண்டாத பட்டினிக்கும் சாமி காரணம். வேண்டிய பட்டினி கெட்டதற்கும் சாமி காரணம்.

“ஒரு வாய் பொங்கலுக்காகவா ஆபரேஷனை நிறுத்துவார்கள்?” என்று ஊரில் பலர் டாக்டரைத் திட்டுவதை நாமே காதால் கேட்டோம். ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நாம் விழித்திருக்கும்போது, விழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி தொண்டை காவல் காக்கின்றது. ஒரு பருக்கை தப்பிப் போனாலும் புரையேறி இருமி வெளியே தள்ளிவிடுகின்றோம். மயக்க மருந்து கொடுத்தவுடன் அந்தக் காவற்காரனும் தூங்கிவிடுகின்றான். வயிற்றில் சோறும் புளிப்பு நீரும் இருந்தால் அது மேலே ஏறி, தடுப்பாரில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1946-ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற டாக்டர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்டு இப்படி வயிற்றிலிருந்தது நுரையீரலில் இறங்கிய 66 பெண்களின் விவரத்தை வெளியிட்டார். அவர்களில் இருவர் கெட்டியான உணவு மூச்சை அடைத்து இறந்தவர்கள். அதிலிருந்துதான் இந்த விஷயத்தில் உலகமெங்கும் கட்டுப்பாடு பலப்பட்டது. இன்றைய விதி என்னவென்றால், இலேசான ஆகாரமானால் மயக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், நெய்யும் கொழுப்பும் சேர்ந்ததானால் எட்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்திவிட வேண்டும்; வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரையில் குடிக்கலாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை அன்று காலை சாப்பிடலாமா கூடாதா என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். சர்க்கரைப் பொங்கல் நெய்யில் மிதப்பது. நெய்க்குத் தான் பிரசாதமென்பது தெரியாது; அது வயிற்றில் தங்க வேண்டிய நேரம் தங்கியே தீரும்.

திருவள்ளூரிலேயே, வைத்திய வீரராகவர் இருக்கின்ற அதே ஊரிலேயே, 2022 ஜனவரி 12-ந் தேதி ஓர் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. குளத்து வெல்லத்தால் கட்டி கரையுமானால் இத்தனை கோடி ரூபாய் செலவு செய்து அங்கே கல்லூரி எதற்கு? கோவில் அர்ச்சகர் வீட்டில் ஒருவருக்குக் குடல்வால் வீங்கினால் உப்பும் மிளகும் வாங்க ஓடுகிறார்களா, ஆம்புலன்சுக்கு ஓடுகிறார்களா? வாசகர்களே விசாரித்துப் பார்க்கட்டும். மயக்க மருந்து வைத்துச் செய்த ஆபரேஷனை உலகத்துக்குக் காட்டியது 1846 அக்டோபர் 16-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில். அதற்கு முன்னும் முப்பத்து முக்கோடி தேவர்கள் இருந்தார்கள்; குளங்கள் இருந்தன; அமாவாசைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் மனிதனை நாலு பேர் பிடித்து அமுக்கிக் கொண்டு, அவன் கதறக் கதறத்தான் அறுத்தார்கள்.

நம்மைக் கூப்பிட்டனுப்பினது இந்த இரண்டாவது தேதியும் தவறின பிறகுதான். நாம் டாக்டருமல்ல, பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவருமல்ல. ஆனாலும், “நாலு புத்தகம் பார்க்கிறவர், வந்து சொல்லட்டும்” என்றார்கள். போய் உட்கார்ந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “தம்பி! நாங்கள் டாக்டரிடம் போகாமலா இருந்தோம்? சாமியையும் கும்பிட்டோம், அதில் என்ன நஷ்டம்? மனசுக்கு ஒரு தைரியந்தானே?” என்பது. கேட்டது நியாயமான கேள்வி. அந்த அம்மாள் கெட்டவரல்லர். மருமகளுக்காக இரவு முழுதும் வெறுந்தரையில் படுத்துக் கிடந்தவர். ஆகையால் கோபப்படாமல் பதில் சொன்னோம். நஷ்டம் கண்ணுக்கெதிரே இருக்கிறது: இரண்டு தேதி, இத்தனை நாள் இரத்தம். இனி தைரியத்தைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, பிரார்த்தனையால் பலன் உண்டா என்று சோதித்தார்கள். சோதனைக்குப் பணம் கொடுத்தது நாஸ்திகர்களல்லர்; மத சம்பந்தமான ஆராய்ச்சிகளுக்கு உதவி செய்கிற ஜான் டெம்பிள்டன் ஸ்தாபனத்தார். முடிவு 2006-ல் வெளிவந்தது. பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களில், நடந்தவர்களுக்கு நூற்றுக்கு 52 பேருக்கும், நடக்காதவர்களுக்கு 51 பேருக்கும் ஆபரேஷனுக்குப் பின் ஏதேனும் கோளாறு உண்டாயிற்று. உங்களுக்காக நிச்சயம் பிரார்த்தனை நடக்கிறது என்று சொல்லப்பட்ட கூட்டத்திலோ 59 பேருக்கு! பிரார்த்தனைதான் கெடுத்தது என்று சொல்ல நாம் தயாராக இல்லை. கெடுக்காவிட்டாலும் உதவவில்லை என்பது நிச்சயம். அது கிறிஸ்தவர்கள் செய்த பிரார்த்தனை, நம் சாமியின் சக்தி வேறு என்று சொல்லுகிறவர்கள், தங்கள் சாமியையும் இதே மாதிரி ஒரு பரீட்சைக்கு உட்காரச் சொல்லட்டும்.

நோயாளிக்குத் தைரியம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் தையல், எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்று கேட்டுத் தெரிந்து கொண்டவளுக்கு உண்டாகிறதும் தைரியந்தான். அந்த அம்மாளுக்கு இதுவரையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துக்குக்கூடப் புருஷனைத்தான் கூப்பிட வேண்டுமென்று அந்த வீட்டில் நினைத்துக் கொண்டிருந்தார்கள். டில்லியில் ஒரு பெண்ணைச் சோதனைக்கென்று சொல்லி மயக்கத்தில் படுக்க வைத்து, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட வழக்கில், வயது வந்தவர் விஷயத்தில் அவரவர் சம்மதமே சம்மதம், அவசரமான உயிராபத்து இல்லாதபோது தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கட்டியை மட்டும் எடுப்பதா, கர்ப்பப்பையையே எடுப்பதா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டியவள் அவள். கையெழுத்துப் போட வேண்டியவளும் அவளே. தாலியைக் கழற்ற வேண்டும் என்றதற்கு நடந்த அழுகையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுடுகின்ற இடத்தில் உடம்பில் உலோகம் இருக்கலாகாது, கோவில் கயிறுகள் அழுக்குச் சேர்ந்தவை, அவ்வளவுதான். அவள் தாலியைக் கழற்றின அன்று புருஷன் சுகமாகவே இருந்து, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு டீ குடித்தான்.

நம்மை மிகவும் வெட்கப்படச் செய்தது இரத்த விஷயம். ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் இரத்தம் தயாராக இருக்க வேண்டும், அதற்கு ஈடாக உறவினர் இரண்டு பேர் வந்து கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லியனுப்பினார்கள். அந்த வீட்டில் புருஷன், கொழுந்தன்மார் இருவர், உடன் பிறந்த தம்பி ஆக நான்கு ஆண் பிள்ளைகள். திருவள்ளூருக்கு நால்வரும் போனார்கள். முடி காணிக்கைகூடக் கொடுத்தார்கள். இரத்தம் கொடுக்க ஒருவரும் போகவில்லை. “ஆம்பிளை, உழைக்கிற உடம்பு” என்று மாமியார் தடுத்துவிட்டாராம். ஒரு மனிதன் உடம்பில் ஐந்து லிட்டர் அளவு இரத்தம் இருக்கின்றது. எடுப்பது 350 மில்லி. அதில் நீர்ப்பாகம் ஓரிரண்டு நாளில் ஊறிவிடும். மற்றது சில வாரங்களில் சரியாகிவிடும். 18 வயது முதல் 65 வயது வரையில், 45 கிலோ எடையும் 12½ கிராம் ஹீமோகுளோபினும் உள்ள நோயில்லாதவர் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். மாதா மாதம் இதைவிட அதிகமாக இழந்து கொண்டே சமைத்து, துணி துவைத்து, தண்ணீர் தூக்குகிறவள் உழைக்கிற உடம்பில்லையா? அவள் உடம்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது?

இதற்கு நடுவில் உறவினர் பெரியவர் ஒருவர், “யார் யார் இரத்தமோ ஏற்றுகிறார்களே, எந்த ஜாதிக்காரன் இரத்தமென்று என்னத்தைக் கண்டோம்!” என்றார். 1901-ல் வியன்னா நகரத்தில் லாண்ட்ஸ்டைனர் என்பவர் மனித இரத்தத்தில் பிரிவுகள் உண்டென்று கண்டுபிடித்தார். அவர் கண்ட பிரிவுக்குப் பெயர் ஏ, பி, ஓ என்பன. அதில் முதலியுமில்லை, நாயுடுவுமில்லை, ரெட்டியுமில்லை, பறையருமில்லை, பார்ப்பனருமில்லை. பெரியவருடைய சொந்தத் தம்பியின் இரத்தம் அவருக்குச் சேராமற் போகலாம். அவர் திண்ணையில் உட்கார விடாதவனுடைய இரத்தம் சேர்ந்து அவரைப் பிழைக்க வைக்கலாம். இரத்த வங்கியில் பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஜாதி எழுத இடமே இல்லை என்று சொன்னோம். பெரியவர் எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார். காசு கொடுத்து ஆள் பிடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம்: இரத்தத்தை விலைக்கு விற்பது 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் தடுக்கப்பட்டிருக்கிறது.

ஜோசியனையும் அர்ச்சகரையும் சொல்லிவிட்டுக் காண்டிராக்டரைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்க இ.எஸ்.ஐ. இருக்கின்றது. 1948-லேயே சட்டமாக வந்த ஏற்பாடு. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் கட்ட வேண்டும். நமது தோழருக்குச் சம்பளம் 15,000. மாதா மாதம் 112½ ரூபாய் பிடித்துக் கொண்டுதான் கொடுத்தார்கள். சீட்டில் அச்சாகியும் இருக்கின்றது. மனைவிக்கு நோயென்று இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், அவர் பேரில் ஒரு வருஷமாக ஒரு காசும் கட்டப்படவில்லை என்று தெரிந்தது. பிடித்த 112½ ரூபாயும், தான் போட வேண்டிய 487½ ரூபாயும் சேர்ந்து மாதம் 600 ரூபாய் காண்டிராக்டர் மடியில் தங்கிவிட்டது. இந்தக் காண்டிராக்டர் ஆயுத பூஜைக்குப் பந்தல் போட்டு, மேளம் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் பொரி கடலை கொடுக்கிறவர். தொழிலாளிகளும் “முதலாளிக்குப் பக்தி அதிகம்” என்று மெச்சிக் கொண்டு பொரியைக் கொறிக்கிறார்கள்.

ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இதே பேட்டையில் உருக்குக் கொப்பரைக்கு முன்னால் நிற்கிற தோழர்களின் கதி இன்னும் மோசம். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பாஷையும் தெரியாது, கூட நிற்க ஆளும் கிடையாது. தோழர்கள் யாராயிருந்தாலும் ஒன்று செய்ய வேண்டும். ஆபரேஷன் என்று டாக்டர் வாயிலிருந்து வருகிற வரையில் காத்திராமல், இன்றைக்கே தங்கள் இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்கி, பணம் கட்டப்படுகிறதா என்று செல்போன் தெரிந்த ஒரு பையனைக் கொண்டு பார்த்துக் கொள்ளுங்கள். தானே படுக்கையில் விழுகிற தொழிலாளிக்கு வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்க உரிமை உண்டு. ஆனால் அந்த ஆறு மாதத் தவணையில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களில், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். ரேஷன் கார்டும், ஆதாரும், வருமானச் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். ஜாதகத்தை மஞ்சள் தடவிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த இந்த வீட்டில், வருமானச் சர்ட்டிபிகேட் வாங்க ஒன்பது நாள் அலைந்தோம். அட்டை இப்பொழுது கைக்கு வந்துவிட்டது.

பஞ்சாங்கம் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு டாக்டர்களிடமும் ஒரு பஞ்சாங்கம் இருக்கின்றது என்று சொல்லி வைக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2008-ல் 19 கேள்விகள் கொண்ட ஒரு சீட்டு அச்சடித்தார்கள். மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளியை வெளியே எடுக்குமுன் ஆக மூன்று தடவை அதை உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நோயாளியின் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், மருந்து எதுவும் ஒவ்வாததா, இரத்தம் தயாரா, உள்ளே போட்ட பஞ்சும் ஊசியும் எண்ணிக்கைப்படி வெளியே வந்தனவா என்பவைதாம் கேள்விகள். மந்திரம் ஒன்றுமில்லை. டில்லி உள்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்துப் பார்த்ததில், ஆயிரத்துக்கு 15 பேர் இறந்து கொண்டிருந்த இடத்தில் 8 பேராகக் குறைந்தது. ஆகையால் ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் வந்து பத்துத் தடவை பெயரையும் நோயையும் கேட்டால் நோயாளிகள் அலுத்துக் கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். எதையும் மறைக்கவும் கூடாது. இந்த அம்மாள் ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த செந்தூரத்தை மூன்று மாதமாகத் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்தது நமக்கே போன வாரந்தான் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வா என்று அனுப்பினோம். சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்; நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கவுச்சியும் முட்டையும் மறுபடி ஆரம்பமாகிவிட்டன.

மூன்றாவது தேதி வருகிற செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என்ன திதி என்று நாம் பார்க்கவில்லை. மாமியார் பார்த்திருக்கக் கூடும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை இரவு அவரே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, யாரும் எதுவும் ஊட்டாமல் காவல் காப்பதாக ஒப்புக் கொண்டிருக்கிறார். சம்மதச் சீட்டில் அந்த அம்மாளே கையெழுத்துப் போடுவாள். எழுத்துக் கூட்டி எழுத மகள் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கின்றாள். இரத்தத்துக்கு நாம் ஒருவர் போகின்றோம். கொழுந்தன்மாரில் சின்னவர் அண்ணியாருக்காக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஆளைக் காணோம். ஆகையால் இன்னும் ஒருவர் தேவை. எந்தக் குரூப்பானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தால் ஒன்றாக ரயிலேறலாம். வருகிறவர் இட்லியோ பழையதோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். விரதக்காரர் வேண்டாம்.